சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கேசட்

நான் வீடியோ கேம் விளையாடியவள் என்பது என் கணவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அலுவலகத்திலும் யாருக்கும் தெரியாது. என் மகனுக்குத் தெரியும். இன்னொரு பெண்ணுக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். நான் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். கணவருக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரே மகன், அப்போது நான்காம் வகுப்பு. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பம். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். ஒழுங்கான குடும்பம் என்று ஊரில் ஒரு பேர் இருந்தது, அந்தப் பேர் எனக்குப் பிடித்தும் இருந்தது. மகன் படித்த பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான்தான் செயலாளர். மலாயில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவேன், அழகான கையெழுத்து வேறு. வேறு தகுதி எதுவும் யாரும் கேட்கவில்லை.

மகன் வருடக் கடைசிப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கினான் என்று கணவர் ஒரு கேம் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அதனோடு ஒரு கேசட் வந்தது. முயல் ஒன்று வேலி தாண்டிக் காய்கறி பொறுக்கும். மகன் இரண்டு வாரம் விடாமல் விளையாடிவிட்டுச் சலித்துப்போனான். சலிக்காதவள் நான்.

அப்போதெல்லாம் சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை. ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். கணவர் வரச் சாயங்காலம் ஆகும். மகன் டியூஷன் முடித்து, அங்கிருந்து தேவார வகுப்புக்குப் போய்விட்டு, நாலரைக்கு வருவான். நடுவில் மூன்று மணி நேரம் வீடு எனக்கே எனக்கு. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சும்மா பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை துணியை மடிக்கவில்லை.

கேசட் கடை எங்கள் தெருவிலேயே இருந்தது. கீழே தையற்கடை, பக்கவாட்டில் ஒரு குறுகலான படிக்கட்டு, மேலே ஓர் அறை. அதை நடத்தியவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கிள்ளான் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா இருவரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்துவிட்டு, மின்சாதனத் தொழிற்சாலையில் சில வருடம் இருந்து, பிறகு இந்தக் கடையைப் போட்டிருந்தாள். வெளிநாட்டு கேம் பத்திரிகைகளை வாங்கி, அகராதி வைத்துக்கொண்டு படிப்பாள். எந்த விளையாட்டில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொன்றையும் தானே ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள்.

மகனுக்காக வாங்குவதுபோல முதலில் போனேன். அவள் அலமாரியில் எல்லாக் கேசட்டிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய சில கேசட்டுகள் தனியாக இருந்தன. அது என்ன என்று கேட்டேன்.

"பச்சை பிள்ளைங்களுக்கு அக்கா. சிவப்பு பெரியவங்களுக்கு. வெளிநாட்டுல பெட்டி மேலயே வயசு போடறாங்களாம். இங்க வர்ற கேசட்டுல அதெல்லாம் ஒன்னும் இருக்காது. அதான் நானே ஒட்டிடறேன் லா."

நான் நின்றுகொண்டிருந்தபோதே பள்ளிச் சீருடையில் ஒரு பையன் படியேறி வந்து டின்னைக் காட்டினான். அவள் தலையை ஆட்டினாள்.

"அம்மாவக் கூட்டிட்டு வா, தம்பி."

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க ஆன்டி."

"அப்ப அம்மா லீவுல இருக்கற அன்னைக்கு வா."

அவன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனான். இதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அன்று ஒரு சண்டை விளையாட்டு வாங்கினேன். பச்சை ஸ்டிக்கர்தான். இரண்டு பேர் கல் தளத்தில் நின்று அடித்துக்கொள்வார்கள். அடி விழுந்தால் சாம்பல் நிறத்தில் வேர்வைபோல ஏதோ தெறிக்கும். தோற்றவர் தலை குனிந்து மண்டியிடுவார், அவ்வளவுதான். நான் எப்போதும் வெள்ளைச் சட்டை போட்ட பெண்ணைத்தான் எடுப்பேன். அந்த நாட்களில் எங்கள் பிரிவின் மேலதிகாரி ஒருவர் எதற்கெடுத்தாலும் என் கோப்பை மேசையில் தூக்கிப் போடுவார். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை நான். சனிக்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டைப் பெண் எனக்காக அடிப்பாள். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு அந்தச் சாம்பல் நிறம் எனக்குப் போதவில்லை.

கடைக்குப் போய், "இதே கேம்ல இன்னொரு மாதிரி இருக்காமே," என்று கேட்டேன். எங்கேயோ கேள்விப்பட்டதுபோலக் கேட்டேன். அவள் என்னைக் கொஞ்சம் பார்த்தாள்.

"இருக்கு அக்கா. கம்பெனிக்காரங்களே ரெண்டா போடறாங்க. குடும்பத்தோட உக்காந்து ஆடறதுக்கு ஒன்னு, அதுல ரத்தம் கிடையாது. பெரியவங்களுக்கு ஒன்னு, அதுல எல்லாமே இருக்கு. உங்க பையனுக்கா?"

"இல்ல, என் தம்பிக்கு. சுபாங் ஜெயாவுல இருக்கான். பெரியவன்தான்."

எனக்குத் தம்பியே கிடையாது. அவள் டின்னைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். காகிதத்தில் சுற்றும்போது, "வீட்டுல பையன் கையில படாம வச்சுக்குங்க அக்கா. போன வாரம் வந்து இதையே கேட்டான். நான் கொடுக்கல," என்றாள். என் மகன் அங்கே வந்து கேட்டிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குத் தம்பி இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது. அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பிய்த்தேன். கணவர் கண்ணில் பட்டால் என்ன ஸ்டிக்கர் என்று கேட்பார் என்ற பயம். கேசட்டைத் தையல் மெஷினின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

அந்த விளையாட்டில் இரத்தம் சிவப்பாகத் தெறித்தது. தோற்றவர் மண்டியிட்டால் முடிந்துவிடாது. ஜெயித்தவர் அவருடைய தலைமுடியைப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் கல் தொட்டியில் மோதலாம். அதற்குத் தனியாகச் சில பட்டன்களை வரிசையாக அழுத்த வேண்டும். எனக்கு அந்த வரிசை மூன்றே சனிக்கிழமைகளில் மனப்பாடமாகிவிட்டது. பிடித்திருந்தது. முதலில் அதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மகன் எப்போது அந்தக் கேசட்டைக் கண்டுபிடித்தான் என்று தெரியாது. பள்ளி விட்டு வந்தால் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்து, நான் வரும்வரை தனியாக இருப்பான். அந்த நேரத்தில் வகுப்பு நண்பன் ஒருவனையும் கூட்டி வந்து இருவருமாக விளையாடியிருக்கிறார்கள். பல நாள் நடந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. நூல்கண்டுகள் கலைந்திருந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. பார்த்தும் நான் எதுவும் யோசிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து அலுவலகத்துக்கு போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். கட்டொழுங்கு ஆசிரியரின் அறையில் என் மகனும் அவன் நண்பனும் சுவரோரமாக நின்றார்கள். நண்பனின் அம்மா, நர்ஸ் சீருடையோடு வந்திருந்தார், அழுது முடித்த முகம். இன்னொரு நாற்காலியில் பஸ் ஓட்டும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் இரண்டாம் வகுப்பு. ஓய்வு நேரத்தில் கழிப்பறையில் அந்தச் சின்னப் பையனுடைய முடியைப் பிடித்து, என் மகனின் நண்பன் கை கழுவும் தொட்டியில் மோதியிருக்கிறான். முன்பற்கள் இரண்டு உடைந்துவிட்டன. உதட்டில் தையல். சின்னவன் தண்ணீரை இவன் மேல் தெளித்தானாம். அதற்குத்தான்.

ஆசிரியர் கேட்டபோது, "கேம்ல அப்படித்தான் செய்வாங்க," என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். எங்கே ஆடினாய் என்று கேட்டதற்கு என் மகனைக் காட்டியிருக்கிறான். பக்கத்து வீட்டு ஆன்டியிடம் ஆள் அனுப்பிக் கேசட்டையும் எடுத்து வந்துவிட்டார்கள். ஆசிரியரின் மேசை மேல் அது கிடந்தது.

ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நீங்க சங்கத்துல செயலாளர். உங்க வீட்டுல இது எப்படி வந்துச்சுன்னு எனக்குப் புரியல." பிறகு மகனிடம் திரும்பி, "எங்க கிடைச்சுது இது?" என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். அவன் பதில் சொல்லியிருப்பான் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அந்த மாடிக் கடையிலதான் சார் வாங்கியிருப்பான். அங்க சின்னப் பிள்ளைங்களுக்கு எல்லாம் கொடுக்கறாங்க. எனக்கே தெரியாம வாங்கியிருக்கான்."

"அப்படியா?" என்று ஆசிரியர் அவனிடம் கேட்டார்.

மகன் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆமா சார்," என்றான்.

அவனுக்கு இரண்டு பிரம்படி கிடைத்தது. பெரியவர்களுக்குத் தெரியாமல் வாங்கியதற்காக. நான் வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். பிரம்பு விழும் சத்தம் கேட்டது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரம் இருக்கும் அந்தக் கதவு.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்ல வேணும்," என்று அவனிடம் சொன்னேன். வீட்டில் எங்கள் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சுதான். அவன் தலையாட்டினான். ஏன் என்று கேட்கவில்லை. அன்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

பஸ் ஓட்டுபவர் சும்மா விடவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். எழுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பிரச்சினை அந்தக் கடைதான் என்று கூட்டம் தொடங்கும் முன்பே எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். செயலாளர் என்பதால் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதினேன்.

கடைக்காரப் பெண்ணை யாரும் அழைக்கவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு அவளாகவே வந்துவிட்டாள். மடிப்புக் கலையாத பஞ்சாபி உடை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையிலிருந்து பச்சை ஒட்டிய கேசட் ஒன்றையும் சிவப்பு ஒட்டிய கேசட் ஒன்றையும் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். பத்திரிகையில் வயதுக் குறி போட்ட பெட்டியின் படத்தைக் காட்டி, தான் என்ன செய்கிறேன் என்று முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் விளக்கினாள். மலாய் கொஞ்சம் தடுமாறியது. யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, எங்கள் கோயில் சங்கத்தவர், என் காதருகே குனிந்து, "தோட்டத்து ஆக்கள், இதுகளுக்கு என்ன தெரியும்," என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"அந்தக் கேசட்டக் கொஞ்சம் பாக்கலாமா சார்?" என்று அவள் கேட்டாள். கட்டொழுங்கு ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தாள். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை அழுக்குப் பிடித்துக் கறுத்திருந்தது.

"இங்க சிவப்பு ஒட்டியிருந்தேன். யாரோ பிச்சிருக்காங்க."

"யாரு பிச்சாங்க?" என்றார் தலைவர்.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை. என் பேனா அசையாமல் நின்றது. இதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பார்வை என்னை விட்டு விலகி மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போயிற்று. பிறகு தலைவரிடம் திரும்பினாள்.

"தெரியாதுங்க. சிவப்பு ஒட்டின கேசட்ட நான் பெரியவங்க கையிலதான் கொடுப்பேன். பிள்ளைங்களுக்குக் கொடுத்ததே இல்ல. வாங்கினவங்க வீட்டு விஷயத்த நான் இங்க பேச மாட்டேன்."

"பிள்ளைங்களுக்கு விக்கறதுக்கு நீங்களே பிச்சிட்டு விக்கறீங்க," என்று யாரோ எழுந்து சொன்னார். ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல்கள். பஸ் ஓட்டுபவர் எழுந்து, தன் மகனுடைய வாயைப் பார்க்க வரச் சொன்னார். அவள் அவரிடம் மட்டும், "பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு அண்ணே?" என்று கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பத்திரிகையையும் இரண்டு கேசட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டக் குறிப்பில் நான் மலாயில் ஒரு வரி எழுதினேன். கடை உரிமையாளரால் தகுந்த விளக்கம் தர இயலவில்லை என்று அதற்குப் பொருள். அந்த வரியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவள் விளக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, அது உண்மை என்று அந்த மண்டபத்தில் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்த நான், என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

கடைவீட்டின் உரிமையாளருக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அதையும் நான்தான் எழுதினேன். பிள்ளைகளைக் கெடுக்கும் கடைக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் கடிதம். வீட்டில் கணவர் எடுத்துப் படித்துப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கிறீர். இப்பிடி யாராவது நிண்டு கேட்டாத்தான் ஊர் திருந்தும்," என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதத்தில் அந்தக் கடை காலியாயிற்று. ஒரு சனிக்கிழமை அலுவலகம் முடிந்து வரும்போது படிக்கட்டு வாசலில் ஒரு சின்ன லோரி நின்றது. அவளும் இன்னொருவரும் அலமாரியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறி, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அதற்குப் பிறகு நான் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. மகனும் தொடவில்லை. யாரும் தடை போடவில்லை. துணி போர்த்திய பெட்டி தொலைக்காட்சிக்குக் கீழே இருந்தது. கணவர்தான் சில சமயம், "ஏன் இவன் இப்ப விளையாடிறேல்லை?" என்று கேட்பார். படிப்பு அதிகம் என்பேன். மகன் பொதுவாகவே என்னிடம் எதையும் கேட்பதைக் குறைத்துக்கொண்டான். நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்வான். நான் பேசத் தொடங்கினால், என்ன பதிலை எதிர்பார்க்கிறேன் என்று முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அந்தப் பழக்கம் எந்த அறையில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

ஐந்து வருடம் போயிற்று. எங்கள் அலுவலகத் தோழி ஒருத்தி, கிள்ளானில் மகளுக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்த கடையைப் பற்றிப் பேசும்போது, முன்பு பிரிக்பீல்ட்ஸில் கேம் கடை வைத்திருந்த பெண்தான் அதை நடத்துகிறாள் என்றாள். கடை எந்தத் தெருவில் என்று விசாரித்தேன். சொன்னாள். அதற்குப் பிறகும் ஆறு மாதம் நான் போகவில்லை. ஒரு விடுமுறை நாளில், ஏன் அன்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

நகல் எடுக்கும் மெஷின் இரண்டு, படம் எடுக்க நீலத் திரையும் ஒரு ஸ்டூலும். சின்னக் கடைதான். அவள் கொஞ்சம் பருத்திருந்தாள், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். கடையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் நகலுக்குக் காத்திருந்தார்கள்.

"வாங்க அக்கா. படம் எடுக்கவா?"

"ஆமா," என்றேன். வந்த காரியத்தைச் சொல்லத் துணிவில்லாமல் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னாள். தோளை நேராக்கினாள். படம் எடுத்தாள். மாணவர்கள் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். படத்தை உறையில் போட்டு நீட்டியபோதுதான் பேசினேன்.

"அந்தக் கேசட்ட என் பையன் உங்ககிட்ட வாங்கல. நான்தான் வாங்கினேன். ஸ்டிக்கரப் பிச்சதும் நான்தான்."

"எனக்குத் தெரியும் அக்கா."

"மன்னிச்சிடுங்க."

அவள் நகல் மெஷினின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தாள். கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்து வந்தேன். கோபத்தைவிட அலுப்புதான் தெரிந்தது.

"அங்க சொல்லியிருக்கணும் அக்கா. அன்னைக்கு அத்தனை பேரு இருந்தாங்க. இங்க நீங்களும் நானும்தானே. எனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே."

பிறகு, இத்தனை வருடமாக என்னை அரித்த கேள்வியைக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க ஏன் என்னைச் சொல்லல? ஒரு வார்த்தை போதுமே."

"உங்க பையன் கடைசி வரிசையில உக்காந்திருந்தான். என்னையே பாத்துட்டு இருந்தான். அழுதுருவான்னு இருந்துச்சு. அவன் முன்னாடி அவன் அம்மாவ எப்படிச் சொல்றது?"

அவன் அன்று மண்டபத்துக்கு வந்திருந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் பாடம் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

"நான் எழுதித் தர்றேன். நடந்தத எல்லாம் அப்படியே எழுதித் தர்றேன்," என்றேன்.

"எனக்கு எதுக்கு? எழுதறதா இருந்தா அன்னைக்கு வந்தவங்களுக்கு எழுதுங்க. பஸ் ஓட்டற அண்ணனுக்கு எழுதுங்க. அவரு இன்னும் என்னைத்தான் நினைச்சுட்டு இருப்பாரு." அதற்குள் ஓர் அம்மா அடையாள அட்டை நகலெடுக்க வந்துவிட்டார். அவள் அவரைக் கவனிக்கப் போனாள். நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். தலையை அசைத்தாள்.

கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். ஒன்றையும் மறைக்கவில்லை, விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதைக்கூட எழுதினேன். அந்த பஸ் ஓட்டுபவரின் குடும்பம் அம்பாங் பக்கம் மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முகவரி யாருக்கும் தெரியவில்லை. நானும் மூன்று பேரிடம் கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். சங்கத்துக்கு அப்போது புதிய தலைவர். அவர் வீட்டுக்கே போய்க் கடிதத்தைக் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் படிக்கச் சொன்னேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு மடித்தார்.

"எதுக்கு மேடம் இதெல்லாம் இப்ப. அன்னைக்கு இருந்தவங்க பாதிப் பேரு இல்ல. உங்க பேருதான் கெடும். நான் ஃபைல்ல வச்சிடறேன்."

நான் வற்புறுத்தவில்லை. வேண்டாம், படித்தே ஆக வேண்டும் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் படித்திருப்பார், நல்ல மனிதர்தான். நான் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இறங்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு வருடத்தில் நான் செய்த எல்லாவற்றையும்விட, அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் கூசுகிறது.

அன்று சாயங்காலம் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குப் பதினாறு வயது. சாப்பாட்டு மேசையில் கணிதப் பாடம் போட்டுக்கொண்டிருந்தான். கிள்ளானுக்குப் போனதை, அவள் சொன்னதை, கடிதம் எழுதியதை, அதைக் கோப்பில் வைக்க விட்டுவிட்டு வந்ததை, ஒன்றுவிடாமல் சொன்னேன். உனக்குப் பிரம்படி விழுந்தது என்னால்தான் என்றும் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான், அல்லது எழுந்து போய்விடுவான் என்று காத்திருந்தேன்.

அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல முதலில் என் முகத்தைப் பார்த்தான்.

"நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை, அம்மா," என்றான். "அப்பாட்டக்கூட."